குரல்நாண் தெரிகிறது, டியூப் போகவில்லை: கடினமான ஏர்வேயில் வீடியோவும் சாதா ஸ்கோப்பும்

திரையில் இரண்டு குரல்நாண்களும் முழுசாகத் தெரிகின்றன. மூச்சுக்குழலுக்குள் போக வேண்டிய டியூபின் முனை வலது அரிட்டினாய்டில் (குரல்நாண்களுக்குப் பின்னால் உள்ள குருத்தெலும்பு மேடு) முட்டி, வழுக்கி, உணவுக்குழல் பக்கம் இறங்குகிறது. இழுத்து மறுபடி தள்ளினால் மறுபடி அதே இடம். பல்ஸ் ஆக்சிமீட்டரின் ஒலி ஒரு படி கீழே இறங்குகிறது. பக்கத்தில் நிற்கும் ஜூனியர், "கிரேடு ஒன் வியூ தானே சார், ஏன் போகல?" என்கிறார்.

கிரேடு ஒன் என்றால் குரல்வளை முழுசாகத் தெரிவது. குரல்வளையைத் திரையில் பார்த்து டியூப் போட உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப் வாங்கிய எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி வரும். கேமரா இல்லாமல் வாய் வழியாக நேரே பார்க்கும் சாதா ஸ்கோப்பில் சிரமமெல்லாம் பார்ப்பதில்தான். பார்த்துவிட்டால், கண் போன நேர்கோட்டிலேயே டியூபும் பெரும்பாலும் போய்விடும். வீடியோவில், அதிலும் வளைவு அதிகமான பிளேடில், பார்ப்பது சுலபம். பார்த்த இடத்துக்கு டியூபைக் கொண்டுசேர்ப்பதுதான் வேலை. சிரமம் தீர்ந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. இதை மனதில் வைக்காமல் இரண்டையும் ஒப்பிட்டால் விவாதம்தான் மிஞ்சும்.

ஆய்வுகளைப் பார்த்தாலும் இதே கதை. பிரான்ஸின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 371 நோயாளிகளிடம் மெக்ராத் மேக் என்ற வீடியோ கருவியை வைத்து நடந்து, 2017-இல் வெளியான மேக்மேன் ஆய்வில், முதல் முயற்சியிலேயே டியூப் போனது வீடியோவில் 67.7 சதவீதம், சாதா ஸ்கோப்பில் 70.3 சதவீதம். வியூ நன்றாக இருந்தும் வெற்றி கூடவில்லை. 2023-இல் வெளியான டிவைஸ் ஆய்வு அமெரிக்காவின் அவசர சிகிச்சை மற்றும் ஐசியூ பிரிவுகளில் 1,417 பேரிடம் நடந்தது. அதில் வீடியோ 85.1, சாதா 70.8. அனுபவம் குறைந்தவர்களின் கையில் வித்தியாசம் பெரிதாகவும், கை தேறியவர்களிடம் சின்னதாகவும் இருந்தது. ஆனால் கடுமையான சிக்கல்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம்: 21.4, 20.9. ஆபரேஷன் தியேட்டரில் 8,429 அறுவை சிகிச்சைகளில் அதிக வளைவுள்ள பிளேடைச் சாதா ஸ்கோப்போடு ஒப்பிட்ட 2024 ஆய்வில், ஒரு முயற்சிக்கு மேல் தேவைப்பட்டது வீடியோவில் 1.7 சதவீதம், சாதாவில் 7.6 சதவீதம். வீடியோ பக்கம் தராசு சாய்ந்துவிட்டது என்பதில் இன்று பெரிய சந்தேகம் இல்லை. யார் கையில், எந்த பிளேடு, எந்த ஸ்டைலெட் (டியூபுக்குள் செருகி அதற்கு வளைவு தரும் கம்பி) என்பதைக் கேட்காமல் ஒரு சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுவதில்தான் பிரச்சினை.

சாதா ஸ்கோப்பில் வியூ ஏன் கிடைப்பதில்லை

1943-இல் மெகின்டாஷ் கொண்டுவந்த வளைந்த பிளேடுதான் இன்றும் பெரும்பாலான தியேட்டர்களில் இருக்கிறது. "கஷ்டமான ஏர்வே" (டியூப் போடக் கடினமான மூச்சுப்பாதை) என்று எழுதப்படும் கேஸ்களில் ஒரு பங்கு உண்மையில் பொசிஷன் சரியில்லாத கேஸ்கள். காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்குழியும் ஒரே மட்டத்தில் வரவேண்டும். பருமனான நோயாளிக்குத் தலையணை மட்டும் போதாது. தோள், மேல்முதுகு எல்லாம் சேர்த்துச் சரிவாக உயர்த்த வேண்டும். மருந்து போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது. முன்னாலேயே பக்கவாட்டில் நின்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

பிளேடை வாயின் வலது ஓரமாக விட்டு, நாக்கை முழுசாக இடப்பக்கம் ஒதுக்கி, எபிக்ளாட்டிஸை (குரல்வளை மூடி) தேடிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். அவசரப்பட்டு ஆழமாக விட்டுவிட்டால் எபிக்ளாட்டிஸைத் தாண்டி உணவுக்குழல் வாய்க்குப் போய்விடுவோம். தெரிவதெல்லாம் அடையாளமில்லாத சிவப்புச் சதைதான். நாக்கின் அடிக்கும் எபிக்ளாட்டிஸுக்கும் இடையிலான பள்ளம்தான் வேலிக்யூலா; அதன் நடுவில் ஒரு மடிப்பு உண்டு. பிளேடு முனை சரியாக அந்த மடிப்பின் மேல் அமர்ந்து அழுத்தும்போது எபிக்ளாட்டிஸ் தானே எழும்பும். ஓரமாக அமர்ந்தால் எவ்வளவு தூக்கினாலும் அது தொங்கிக்கொண்டேதான் இருக்கும். "இன்னும் தூக்கு" என்பதற்கு முன் "முனை நடுவில் இருக்கிறதா" என்று பார்ப்பது பலனுள்ளது. தூக்குவது கைப்பிடியின் போக்கில், முன்னும் மேலுமாக. மணிக்கட்டை மடக்கினால் மேல்பல் போகும், வியூவும் குறையும்.

வியூ வரவில்லை என்றால் அடுத்தது வலது கை. நாமே தைராய்டு குருத்தெலும்பைப் பிடித்துப் பின்னோக்கி, மேல்நோக்கி, வலப்பக்கமாக நகர்த்திப் பார்த்து, நல்ல இடம் வந்ததும் உதவியாளரின் விரலை அங்கேயே வைக்கச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் அழுத்துங்க" என்று அவரிடம் மொட்டையாகச் சொன்னால் அவர் கிரிக்காய்டை (தைராய்டு குருத்தெலும்புக்குக் கீழே உள்ள வளையக் குருத்தெலும்பு) அழுத்துவார். வியூ இன்னும் மோசமாகும்.

குரல்வளை எவ்வளவு தெரிகிறது என்பதைச் சொல்லும் கார்மாக்-லெஹேன் அளவில் கிரேடு இரண்டு பி, மூன்று ஏ ஆகியவை பூஜிக்கென்றே (முதலில் விட்டு, அதன் வழியாக டியூபை இறக்கும் மெல்லிய வழிகாட்டிக் குச்சி) இருப்பவை. அரிட்டினாய்டுகள் மட்டும் தெரிகின்றன, அல்லது எபிக்ளாட்டிஸ் மட்டும் தெரிகிறது, ஆனால் எழும்புகிறது. எபிக்ளாட்டிஸின் கீழே, பூஜியின் வளைந்த முனையை மேல்நோக்கி வைத்து, நடுக்கோட்டிலேயே உள்ளே விட வேண்டும். மூச்சுக்குழல் வளையங்களில் உரசும் டக்டக்கென்ற உணர்வு விரலுக்கு வரும். வராவிட்டால் பலவந்தம் இல்லாமல் மெதுவாகத் தள்ளினால் 24-லிருந்து 40 செ.மீ.க்குள் ஓரிடத்தில் தட்டி நிற்கும். உணவுக்குழலில் இருந்தால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எபிக்ளாட்டிஸ் பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கும் மூன்று பி-யிலும், எதுவுமே தெரியாத நான்கிலும் சாதா ஸ்கோப்பை வைத்து மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. வீடியோவுக்கு மாறுங்கள்.

டியூபை பூஜி வழியாக இறக்கும்போது ஸ்கோப்பை எடுத்துவிடுவது பரவலான பழக்கம். எடுக்கக் கூடாது. நாக்கு ஒதுங்கி இருந்தால்தான் டியூப் வழுக்கிப் போகும். அப்படியும் குரல்வளை வாயில் தடுத்தால், 1 அல்லது 2 செ.மீ. வெளியே இழுத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 90 டிகிரி திருப்பி விட வேண்டும். சாதாரண டியூபின் சாய்வு வெட்டு இடப்பக்கம் பார்க்கும். கூர்முனை வலப்பக்கம் இருந்து வலது அரிட்டினாய்டில் மாட்டும். திருப்பினால் கூர்முனை மேலே போய்விடும், தடை விலகும்.

இரண்டு வகை வீடியோ, இரண்டு வகைக் கை

"வீடியோ" என்று ஒரே பெயரில் சொன்னாலும் பிளேடுகள் முக்கியமாக இரண்டு சாதி. மெகின்டாஷ் வடிவப் பிளேடின் நுனிக்குக் கொஞ்சம் பின்னால் கேமரா வைத்தது ஒன்று: சி-மேக்கின் சாதாரண பிளேடு, மெக்ராத் மேக் போன்றவை. 60 டிகிரியை ஒட்டி வளைந்த ஹைப்பர் ஆங்குலேட்டட் பிளேடு இன்னொன்று: ஜான் பேசி 2001-இல் கொண்டுவந்த கிளைடுஸ்கோப், சி-மேக் டி-பிளேடு, மெக்ராத்தின் எக்ஸ்-பிளேடு. ஏர்ட்ராக் போல டியூபுக்குத் தனிச் சானல் உள்ளவை மூன்றாவது ரகம். அதில் டியூபை அல்ல, கருவியையே நகர்த்திக் குறிவைக்க வேண்டும் என்பதோடு விட்டுவிடலாம்.

முதல் வகையில் கை பழையதுதான். வலது ஓரமாக விட்டு நாக்கை ஒதுக்குவது, வேலிக்யூலா, தூக்குவது எல்லாம் அதேபோல. திரை இருளடைந்தால் வாய் வழியாக நேரே பார்க்கலாம், பூஜியும் தாராளமாக வேலை செய்யும். கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல கருவி கிடையாது: ஜூனியர் நேரே பார்க்கிறார், சீனியர் திரையில் பார்த்து "முனையை நடுவுக்குக் கொண்டு வாங்க" என்கிறார், கழுத்தை அழுத்துபவருக்கும் தன் விரல் என்ன செய்கிறது என்று தெரிகிறது. ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இந்த வடிவத்தை வாங்கி, அதற்கே பொருந்தும் வளைவுப் பிளேடையும் சேர்த்து வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை.

இரண்டாவது வகையை சாதா ஸ்கோப் போலப் பிடித்தால் தோல்விதான். பிளேடு நடுக்கோட்டிலேயே, நாக்கின் மேலாகவே போகும், ஒதுக்க வேண்டியதில்லை. பலமாகத் தூக்கவும் வேண்டாம், லேசாகச் சாய்த்தாலே வியூ வரும். கழுத்து காலர் போட்ட நோயாளிக்கு இது இதனால்தான் பொருந்துகிறது: காலரின் முன்பாகத்தைக் கழற்றி, ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, கழுத்தை நிமிர்த்தாமலே குரல்வளையைப் பார்த்துவிடலாம்.

கண் போகும் பாதைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வாயைப் பார்த்து பிளேடை விடு. திரையைப் பார்த்து வியூ எடு. மறுபடி வாயைப் பார்த்து டியூபை விடு. டியூப் முனை நாக்கின் பின்னால் மறைந்த பிறகு திரைக்கு வா. மூன்றாவது படியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். அழகான வியூ வந்ததும் கண் திரையை விட்டு நகராது. கை மட்டும் டியூபைக் குருட்டுத்தனமாகத் தள்ளும். பிளேடுக்கும் கேமரா காட்டும் பகுதிக்கும் நடுவே ஒரு மறைவிடம் இருக்கிறது; ஸ்டைலெட்டின் விறைப்போடு போகும் முனை அங்கே வலது டான்சில் பக்கத்து மடிப்பையோ மென்அண்ணத்தையோ துளைத்துவிடும். திரையில் டியூப் இன்னும் வரவில்லையே என்று மேலும் தள்ளுவது காயத்தைப் பெரிதாக்கும். முனை தெரியவில்லை என்றால் தள்ளக் கூடாது, வெளியே எடுத்து மறுபடி வாயைப் பார்த்து விட வேண்டும்.

இந்த பிளேடுக்கு ஸ்டைலெட் கட்டாயம், அதுவும் பிளேடின் வளைவோடு ஒத்துப்போகும் வளைவில். கருவியோடு வரும் விறைப்பான ஸ்டைலெட் இருந்தால் அதுவே நல்லது. வளையக்கூடியதுதான் இருக்கிறது என்றால் பிளேடின் மேல் வைத்து அதே வளைவுக்கு வளைத்துக்கொள்ள வேண்டும். சாதா ஸ்கோப்புக்கு நாம் போடும் ஹாக்கி மட்டை வடிவம், அதாவது கஃப் (டியூப் முனையருகே ஊதி நிரப்பும் பலூன்) வரை நேராக வந்து 35 டிகிரிக்குள் வளைவது, இங்கே குரல்வளையின் மட்டத்துக்கு எட்டாமல் கீழேயே நிற்கும். ஜூனியர் கேட்ட கேள்விக்கு முதல் பதில் பல நேரம் இதுதான். டியூபை வாயின் வலது மூலையில், கனெக்டர் வலப்பக்கம் பார்க்கப் படுக்கையாக விட்டு, உள்ளே போனதும் நிமிர்த்தினால் பிளேடோடு இடிக்காது. உள்விட்டம் அரை மி.மீ. குறைந்த டியூபை எடுத்துக்கொண்டால் இன்னும் சுலபம்.

இரண்டாவது பதில், வியூ அளவுக்கு மீறி நன்றாக இருப்பது. கேமராவைக் குரல்வளைக்கு மிக அருகில் கொண்டுபோய் நூறு சதவீதமும் தெரியும்படி வைத்தால், குரல்வளை முன்புறமாகச் சாய்ந்து, டியூப் ஏற வேண்டிய கோணம் செங்குத்தாகிவிடும். டியூபைத் திருப்ப இடமும் இருக்காது. குரல்நாண்களுக்கு நடுவே கிரிக்காய்டு வளையம் தெரிந்தால் அதுவே எச்சரிக்கை. பிளேடை 1 அல்லது 2 செ.மீ. பின்னுக்கு இழுத்து, தூக்குவதைத் தளர்த்தி, குரல்வளை திரையின் மேல் பாதியில் சுமார் ஐம்பது சதவீதம் தெரியும்படி வைத்தால் போகாத டியூப் போகும். நல்ல வியூவைக் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். முதல் தடவை கேட்கும்போது யாரும் நம்புவதில்லை.

மூன்றாவது தடை குரல்நாண்களைத் தாண்டிய பிறகு வரும். முனை உள்ளே போய்விட்டது, ஆனால் நகரவில்லை. ஸ்டைலெட் முனையை முன்பக்கம் தூக்கிப் பிடித்திருக்கிறது, மூச்சுக்குழலோ பின்பக்கமாகச் சரிகிறது. முனை முன்சுவரில் குத்தி நிற்கிறது. இங்கே அழுத்தக் கூடாது. முனை குரல்நாண்களுக்கு நடுவே இருக்கும்போதே உதவியாளர் ஸ்டைலெட்டை 3 அல்லது 4 செ.மீ. பின்னுக்கு இழுக்க வேண்டும், அல்லது நாமே கட்டைவிரலால் நெம்ப வேண்டும். அதன் பிறகு டியூபை முன்னேற்ற வேண்டும். அப்படியும் நின்றால் இந்த முறை கடிகார முள் திசையில் 90 டிகிரி: வலப்பக்கக் கூர்முனை கீழே, அதாவது பின்சுவர் பக்கம் போய்விடும். பூஜிக்கு எதிர்த்திசை, வளைவு பிளேடுக்கு நேர்த்திசை என்று குழம்புபவர்கள், முனை எங்கே மாட்டுகிறது என்று யோசித்தால் போதும், திசை தானே வரும். டியூபின் இயற்கை வளைவுக்கு எதிராக ஸ்டைலெட்டில் மாட்டிவைப்பதும் உதவும். ஸ்டைலெட்டை உருவியதும் முனை கீழ்நோக்கித் தாழும்.

ரத்தமும் வாந்தியும்

வீடியோவின் பெரிய பலவீனம் லென்ஸ். ஒரு சொட்டு ரத்தம் போதும், திரை முழுக்கச் சிவப்பு. ஆகவே பிளேடுக்கு முன்னால் சக்‌ஷன் போக வேண்டும். விறைப்பான பெரிய துளை சக்‌ஷன் குழாயை வலது கையில் பிடித்து, அது பாதையைச் சுத்தம் செய்துகொண்டே போக, பிளேடு அதன் பின்னால், மேல்பக்கம் ஒட்டியே வர வேண்டும். வாந்தி வந்துகொண்டே இருந்தால் சக்‌ஷனை ஒருகணம் எடுத்து பிளேடின் இடப்பக்கமாக மறுபடி விட்டு, முனையை உணவுக்குழல் வாயில் நிறுத்திவிட்டு டியூபைப் போடுவது நல்ல முறை. இரண்டு சக்‌ஷன் தயாராக இருக்க வேண்டும். கெட்டியான உணவு வந்தால் ஒன்று கட்டாயம் அடைக்கும். இத்தகைய நோயாளிக்கு மெகின்டாஷ் வடிவ வீடியோவை எடுப்பதே புத்திசாலித்தனம். திரை போனாலும் கண் இருக்கிறது.

பனிமூட்டம் இதைவிடச் சின்னத் தொல்லை. கருவியை ஓரிரு நிமிடம் முன்பே ஆன் செய்து வைத்தால் பல கருவிகளில் லென்ஸ் சூடாகிவிடும். இல்லாவிட்டால் மூட்டம் தடுக்கும் திரவம் அல்லது வெதுவெதுப்பான நீரில் ஒரு முக்கு. ஜெல்லை பிளேடின் முதுகில் தடவலாம், லென்ஸ் பக்கம் கூடாது. பிளேடு கிளிக் என்று பூட்டியதா, பேட்டரி எவ்வளவு என்பதை மருந்து போடுமுன் பாருங்கள். கையடக்கத் திரை வெயிலில் தெரியாது. ஆம்புலன்ஸுக்கு வெளியே வேலை செய்பவர்கள் ஒரு துணியால் நிழல் போடப் பழகிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பல்ப் எரிவதைச் சோதித்த ஒரு சாதா ஸ்கோப் தலைமாட்டில் இருக்கட்டும்.

எதை முதலில் எடுப்பது

எதிர்பார்க்கப்பட்ட கஷ்டம் என்றால் வீடியோவையே முதல் முயற்சிக்கு எடுங்கள். "முதலில் சாதாவில் பார்ப்போம், முடியாவிட்டால் வீடியோ" என்பது பழைய சிக்கனம். முதல் முயற்சியில் வரும் வீக்கமும் ரத்தமும் இரண்டாவது முயற்சியின் லென்ஸில் வந்து விழும். சின்னத் தாடை, முன்தள்ளிய குரல்வளை, அசையாத கழுத்து என்றால் வளைவு பிளேடு. ரத்தம், வாந்தி, அல்லது வளைவு பிளேடில் கை பழகாதவர் என்றால் மெகின்டாஷ் வடிவமும் பூஜியும்.

வீடியோவும் கைவிடும் கழுத்துகள் உண்டு. 2,004 கிளைடுஸ்கோப் இன்ட்யூபேஷன்களை (மூச்சுக்குழலில் டியூப் போடுவது) ஆராய்ந்த 2011 ஆய்வில் மொத்த வெற்றி 97 சதவீதம். தோற்றவற்றை முன்கூட்டிச் சொன்ன அடையாளங்களில் முக்கியமானது கழுத்தின் மாறிய அமைப்பு: அறுவைத் தழும்பு, கதிர்வீச்சு, கட்டி. கதிர்வீச்சு வாங்கிய கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், மரக்கட்டை போல இருக்கும். உள்ளே நாக்கும் தாடைத் தளமும் அதே நிலைதான், பிளேடுக்கு இடம் தராது. வாய் 2 செ.மீ.கூடத் திறக்காதவர், சத்தத்தோடு மூச்சு விடும் குரல்வளைக் கட்டி நோயாளி, தாடைக்கு அடியில் சீழ்பிடித்து நாக்கு மேலே தள்ளப்பட்டவர் ஆகியோருக்கு வீடியோவா சாதாவா என்ற கேள்வியே தவறு. விழித்திருக்கும் நிலையிலேயே, லிக்னோகெயினால் மரக்கவைத்து, கொழுப்பு நீங்கலான உடல் எடைக்குக் கிலோவுக்கு 9 மி.கி.யைத் தாண்டாமல், ஃபைபர் ஆப்டிக் (வளையக்கூடிய மெல்லிய ஸ்கோப்) வழியாகவோ, வாய் இடம் தந்தால் வீடியோ வழியாகவோ போட வேண்டும்.

எந்த ஸ்கோப்பாக இருந்தாலும் நேரம் வாங்கித் தருவது ஆக்சிஜன். தலைமாட்டை 20 முதல் 30 டிகிரி உயர்த்தி, இறுக்கமான மாஸ்கில் குறைந்தது மூன்று நிமிடம். வெளிமூச்சில் ஆக்சிஜன் 85 சதவீதத்துக்கு மேல் வரவேண்டும். மூக்குக் குழாயில் 15 லிட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், இன்ட்யூபேஷன் முடியும்வரை எடுக்க வேண்டாம். வீடியோவில் வியூ இருப்பதால் "இதோ போய்விடும்" என்று நேரம் போவதே தெரியாது. சாதா ஸ்கோப்பில் ஒன்றும் தெரியாதவர் சீக்கிரம் விட்டுவிடுவார், இங்கே யாரும் விடுவதில்லை. ஆகவே சாச்சுரேஷனை (ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம்) உரக்கச் சொல்ல ஒருவரை முன்பே நியமித்து, 93 வந்தால் வெளியே வருவது என்று பேசிவைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015 வழிகாட்டுதலில் சொன்ன கணக்கு மூன்று முயற்சி, அதிக அனுபவமுள்ளவர் வந்தால் இன்னும் ஒன்று. ஒவ்வொரு முயற்சியிலும் ஏதாவது ஒன்று மாற வேண்டும்: பொசிஷன், பிளேடு, ஸ்டைலெட், அல்லது ஆள். அதற்கு மேல் சுப்ராகிளாட்டிக் கருவி (குரல்வளைக்கு மேலேயே அமரும் மூச்சுக் கருவி). அதுவும் மாஸ்கும் கைகொடுக்காவிட்டால், கழுத்தின் முன்பக்கம் வெட்டி டியூப் போட, 10-ஆம் நம்பர் ஸ்கால்பெல், பூஜி, 6.0 கஃப் டியூப். இவை டிராலியில் எந்தத் தட்டில் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டியூப் உள்ளே போவதைத் திரையில் எல்லோரும் பார்த்தோமே என்று கேப்னோகிராஃபை (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கருவி) விடக் கூடாது. கடைசி நொடியில் டியூப் நழுவுவதும், ஸ்டைலெட் உருவும்போது கூடவே வெளியே வருவதும் நடக்கும். குறைந்தது ஏழு மூச்சுகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு அலை தேயாமல் வர வேண்டும். அலை இல்லை என்றால், வேறுவிதமாக நிரூபணமாகும்வரை டியூப் உணவுக்குழலில் என்றே கொள்ளுங்கள்.

பிறகு கேஸ் ஷீட். வீடியோ வந்த பிறகு கெட்டுப்போன ஒரு பழக்கம், "கிரேடு 1, ஈஸி" என்று எழுதி முடிப்பது. அடுத்த முறை அந்த நோயாளி சாதா ஸ்கோப் மட்டுமே இருக்கும் இடத்தில் படுத்திருக்கலாம். கருவி, பிளேடு, வியூ, எதனால் டியூப் போனது, எத்தனை முயற்சி, மாஸ்க் வென்டிலேஷன் எப்படி என்று எழுதுங்கள். இப்படி: "மெகின்டாஷ் 3 நேர்பார்வையில் கிரேடு 3பி, பூஜி போகவில்லை. டி-பிளேடில் முழு வியூ. பிளேடை 1 செ.மீ. பின்னிழுத்து, வளைந்த ஸ்டைலெட்டில் 7.0 டியூப், இரண்டாவது முயற்சியில் போனது. மாஸ்க் வென்டிலேஷன் சுலபம், ஏர்வே குழாய் போட்டு ஒருவரே செய்தார்." டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இதே வரிகள், நோயாளியின் கையில் ஒரு பிரதி.